மூன்றாம் தரம் கேட்கும்வரை

எங்கள் ஊரில் நஜ்முன் நிஸாவின் வாய்க்குப் பயப்படாத ஆள் யாரென்று கேட்டால் பள்ளிவாசல் தூணைத்தான் காட்ட வேண்டியிருக்கும். மீன்காரன் தராசுத் தட்டில் விரலை வைத்தால் அவள் போடும் சத்தம் கிண்ணியாத் துறைவரை கேட்கும். சங்கக் கடையில் சீனி முடிந்துவிட்டது என்று மனேச்சர் கையை விரித்தால், எங்கே முடிந்தது, யார் வீட்டுக் குசினிக்குள் போய் முடிந்தது என்று நடுச் சந்தியில் நின்று கேட்பாள். அப்படிப்பட்டவள் தன் வாழ்நாளில் ஒரே ஒரு பகல்தான் ஊர் சொன்னபடி அடக்கமாக வாயை மூடிக்கொண்டு இருந்தாள். அந்த ஒரு பகலிலேயே எல்லாம் போய்விட்டது. இதை நினைக்கும்போதெல்லாம் யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரிவதில்லை. கோபம் மட்டும் வருகிறது.

அவளுடைய புருஷன் கொட்டியாரக் குடாவுக்கு வெளியே வலைக்குப் போனவர், திரும்பி வரவில்லை. அப்போது மகள் ஸல்ஹா தவழ்கிற பிள்ளை. எங்கள் பக்கத்தில் பெண் பிள்ளை பிறந்தால் அன்றிலிருந்தே வீட்டைப் பற்றி யோசிக்க வேண்டும். கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்குக் குடிவருவார். பெண் தன் உம்மாவின் வீட்டு வளவை விட்டு எங்கும் போவதில்லை. வீடில்லாத குமருக்கு ஊருக்குள் மாப்பிள்ளை கிடைக்காது. வெளியூர்க்காரன் எவனாவது வந்து கூட்டிக்கொண்டு போனால்தான் உண்டு. நஜ்முன் நிஸாவுக்கு உலகத்தில் வேறு ஆசையே கிடையாது. தன் வளவுக்குள் மகளுக்கு ஒரு கல்வீடு, சாகும்வரை சண்டை பிடித்துக்கொண்டிருக்க மகள் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

அந்த வீட்டை அவள் கட்டியது மட்டியை நம்பி. தம்பலகாமம் குடாவில், எங்கள் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில், வற்று நேரத்தில் இடுப்பளவுத் தண்ணீர் நிற்கிற மேடு ஒன்று இருந்தது. மட்டித்திடல் என்போம். பெண்கள் இடுப்பில் கட்டிய ஓலைக் கடகம் பின்னால் மிதந்துவர, தண்ணீருக்குள் நடந்து போவார்கள். கண்ணுக்கு அங்கே வேலையில்லை. உள்ளங்காலால் தடவி, ஓடு தட்டுப்பட்ட இடத்தில் முங்கி எடுப்பார்கள். சதையை அவித்தால் கறி, காயவைத்தால் மாரிக்குச் சாப்பாடு, ஓடுகளைச் சூளையில் சுட்டால் சுண்ணாம்பு. சுண்ணாம்பில் பாதியை விற்று நஜ்முன் நிஸா செங்கல் வாங்குவாள். மீதிப் பாதியைக் குழைத்து அந்தக் கல்லைக் கட்டுவாள். கோடைக்குக் கோடை இரண்டு வரி, மூன்று வரி என்று சுவர் எழும்பியது. ஸல்ஹா முதலில் வளர்கிறாளா, சுவர் முதலில் வளர்கிறதா என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்வார்கள். ஸல்ஹா பெரிய பிள்ளையானபோது சுவர் ஜன்னல் மட்டத்துக்கு வந்திருந்தது.

திடலுக்கு ஒரு சட்டம் இருந்தது. எந்தக் கந்தோரிலும் எழுதி வைக்காத சட்டம். பெண்களே போட்டு, பெண்களே காத்த சட்டம். வாடைக்காற்று மழை ஓய்ந்ததும் ஆமினா உம்மா என்ற மூத்த மட்டிக்காரி முதலில் இறங்கி, எந்தப் பக்கம் குஞ்சு மட்டி படிந்திருக்கிறது என்று காலால் பார்ப்பாள். அந்தப் பக்கம் ஒரு கம்பை ஊன்றி, கம்பு நுனியில் பழைய புடவைத் துணியைக் கட்டிவிடுவாள். வெயிலிலும் உப்பிலும் அந்தத் துணி இற்று, தானாகக் கிழிந்து விழும்வரை அங்கே ஒருத்தியும் கால் வைக்கக் கூடாது. வைத்தவள் அன்று எல்லோருடைய கடகத்தையும் கரைக்குச் சுமக்க வேண்டும். ஆண்களுக்கு இது தெரியாமலில்லை. மட்டி பெண்கள் காரியம், அதில் நமக்கென்ன என்று இருந்துவிட்டார்கள்.

எழுபத்து மூன்று, எழுபத்து நான்கில் நாட்டில் பஞ்சம் வந்தது. பாண் ரொட்டிக்கு விடியமுன் வரிசையில் நிற்க வேண்டும், அரிசி கொண்டுபோனால் பொலிஸ் மறிக்கும். அந்த இரண்டு வருஷமும் எங்கள் கரையில் ஒரு வீட்டிலும் பிள்ளைகள் பட்டினியாகப் படுக்கவில்லை என்றால் அது திடல் போட்ட சோறு. கம்பில் துணி தொங்கிய பக்கம் அந்தப் பசியிலும் ஒருத்தி இறங்கவில்லை. இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதைக் கேட்க வேண்டியவர்கள் அப்போது கேட்கவில்லையே என்ற வயிற்றெரிச்சலில் சொல்கிறேன்.

அதற்கு அடுத்த வருஷம் கொழும்பிலிருந்து ஒரு கம்பனி வந்தது. திடலின் அடியில் தலைமுறை தலைமுறையாகப் படிந்து கிடந்த மட்டி ஓடுகளை இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்கப் போகிறார்களாம். எதற்கு என்று விசாரித்தால், அரைத்துக் கோழித்தீனில் கலக்க. எங்கள் பிள்ளைகளின் சாப்பாட்டை எங்கேயோ இருக்கிற கோழிகளுக்குப் போடப் போகிறார்கள் என்பதுதான் சுருக்கம். அளந்து பார்க்க வந்தவர்கள் ஆமினா உம்மாவின் கம்பைப் பிடுங்கி, தங்கள் படகு கட்ட வசதியான இடத்தில் ஊன்றிவிட்டுப் போனார்கள்.

அனுமதி கொடுக்குமுன் ஊரவரைக் கூட்டி மறுப்பு உண்டா என்று கேட்க வேண்டும் என்று விதி இருந்தது. கேட்க அதிகாரி வருகிறார் என்று தபாற் கந்தோர்ச் சுவரிலும் துறையிலும் அறிவித்தல் ஒட்டினார்கள். ஆண்கள் அதிகம் அலட்டிக்கொள்ளவில்லை. வள்ளம் போகும் வாய்க்காலையும் ஆழமாக்கித் தருவதாகக் கம்பனி சொல்லியிருந்தது. அவர்களுக்கு அது போதும்.

நஜ்முன் நிஸா நேரே ஸைனுலாப்தீன் மரைக்காரிடம் போனாள். அவர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் பெரியவர்; அவளுடைய புருஷனின் மூத்த சகோதரர். நல்ல மனிதர், ஆனால் மூன்று குமருகளுக்கு வீடு கட்டிக்கொண்டிருந்தவர், தம்பி மகளுக்கு ஒரு கல்லும் வைத்துக் கொடுக்க முடியவில்லையே என்ற வெட்கத்தில் அவளைக் கண்டால் பேச்சைக் குறைப்பார். திடல் போனால் ஸல்ஹாவின் வீடு ஜன்னலோடு நிற்கும், அவளை ஊர்விட்டு ஊர் அனுப்ப வேண்டி வரும், அதை உங்கள் தம்பி மேலிருந்து பார்க்கட்டும் என்று அவள் சொன்னதும் மனிதர் ஆடிப்போனார். அதிகாரியிடம் பேசி, கூட்டத்தை மத்ரஸா மண்டபத்தில் வைக்கவும், நடுவில் திரை கட்டிப் பெண்களையும் உட்கார வைக்கவும், அவர்களையும் கேட்கவும் ஒப்புக்கொள்ள வைத்தார். எங்கள் ஊரில் அதுவரை எந்தக் காரியத்துக்கும் பெண்களைக் கேட்டதில்லை. மரைக்காருக்கு அதில் மெத்தப் பெருமை. "முறைப்படி உங்களையும் கேப்பாங்க" என்று அவர் நஜ்முன் நிஸாவிடம் சொன்னார்.

முறைப்படி என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் பெண்கள் ஆமினா உம்மாவின் முற்றத்தில் கூடினார்கள். பெண்ணைத் திரைக்கு அப்பால் வைத்து ஆண்கள் வந்து சம்மதம் கேட்பதென்றால் அவர்களுக்குத் தெரிந்தது ஒரே ஒரு முறை, நிக்காஹ் முறை. பெண்ணின் வாப்பாவோ அந்த இடத்தில் நிற்பவரோ இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வந்து கேட்பார். முதல் தரம் பெண் பேசக் கூடாது. பேசினால், எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவள் என்று சிரிப்பார்கள். இரண்டாம் தரமும் பேசக் கூடாது. மூன்றாம் தரம்தான் பதில். ஊரில் எந்தக் கல்யாணத்திலும் பெண்ணின் பக்கத்தில் உட்காருவது ஆமினா உம்மாதான். பெண்ணின் முழங்காலில் கையை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். மூன்றாம் கேள்வி வந்ததும் கையை எடுப்பாள். கை எடுபட்டால் பேசலாம்.

கூட்டத்திலும் அப்படியே என்று முடிவாகியது. எல்லோருக்குமாக நஜ்முன் நிஸா பதில் சொல்ல வேண்டும், சம்மதமில்லை என்று. அவளுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க மனமில்லை. வந்த உடனே நாலு கேள்வி கேட்டு அனுப்புவோமே என்றாள். மற்றவர்கள் அவள் வாயைக் கட்டுவதிலேயே குறியாக இருந்தார்கள். சந்தைக்காரிகள் கத்துகிறார்கள் என்று வந்தவர் எழுதிக்கொண்டு போனால் யாருக்கு நட்டம் என்று கேட்டார்கள்.

"நீ வாயத் திறந்தா கேக்கிற நியாயமும் சண்டையாப் போகும் புள்ள. என்ட கை எடுபடுற வரைக்கும் பொறுத்துக்க. ஸல்ஹாட வீட்ட நினைச்சுக்க" என்றாள் ஆமினா உம்மா.

ஸல்ஹாவின் வீடு என்றதும் அவள் ஒப்புக்கொண்டாள்.

விசாரணைக்கு வந்த அதிகாரியின் பெயர் இரத்தினசிங்கம். யாழ்ப்பாணத்துப் பக்கத்தவர், திருகோணமலை டவுனில் வாடகை வீட்டில் இருந்தவர். இவரைக் கெட்டவராகக் காட்டினால் எனக்குக் கதை சொல்வது சுலபமாக இருக்கும். ஆனால் மனிதர் அப்படியில்லை. மண்டபத்துக்குள் வருமுன் செருப்பைக் கழற்றினார். திரையைக் கண்டதும் தன் கதிரையைத் தானே தூக்கி, திரைக்கு முதுகு காட்டினாற்போல் திருப்பிப் போட்டுக்கொண்டார். முஸ்லிம் பெண்கள் இருக்கும் பக்கம் தன் கண் போகக் கூடாது என்பது அவருடைய மரியாதை.

முதலில் ஆண்களைக் கேட்டார். வாய்க்காலை எப்போது ஆழமாக்குவார்கள் என்று ஒருவர் கேட்டார், அனுமதி கிடைத்த உடனே என்று பதில் வந்தது. ஸைனுலாப்தீன் மரைக்கார் தானாக எதுவும் பேசவில்லை. இது பெண்கள் காரியம், அவர்கள் வாயாலேயே வரட்டும், அதுதான் கனம் என்று அவர் நினைத்திருந்தார். தன் தம்பி மனைவியின் வாயைப் பற்றி அவருக்குத் தெரியாததா.

பிறகு இரத்தினசிங்கம் முகத்தை இன்னும் கொஞ்சம் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு கேட்டார்.

"திரைக்கு அங்கால இருக்கிற தாய்மாருக்கு இதில ஏதும் மறுப்பு இருக்கோ?"

திரைக்குப் பின்னால் ஒரு வளையல்கூடச் சத்தம் போடவில்லை. ஆமினா உம்மாவின் கை நஜ்முன் நிஸாவின் முழங்காலை அழுத்திக்கொண்டிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு மனதுக்குள் ஒன்று என்று எண்ணிக்கொண்டாள். இரத்தினசிங்கம் காத்திருந்தார். ஒரு தரம் செருமினார். நல்ல நேரம்தான் காத்திருந்தார் என்று அங்கே இருந்தவர்கள் பிறகு சொன்னார்கள். மரைக்கார் தலையைக் குனிந்து பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். இதோ வெடிக்கப் போகிறாள், இதோ என்று எதிர்பார்த்திருந்தாராம். ஒன்றும் வெடிக்கவில்லை.

"சரி. நல்லது" என்றார் இரத்தினசிங்கம்.

கதிரை இழுபட்டது. ஆண்கள் எழும்பும் சத்தம் கேட்டது. திரைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அதில் எந்தப் பயமும் வரவில்லை. நிக்காஹிலும் அப்படித்தான். முதல் தரம் கேட்டுவிட்டுச் சாட்சிகள் வாசல்வரை போய் நின்று மெதுவாகக் கதைத்துவிட்டுத் திரும்பி வருவார்கள். பெண்கள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டாம் கேள்விக்குக் காத்திருந்தார்கள். வெளியே ஜீப் கிளம்புகிற சத்தம் கேட்டபோதும் ஆமினா உம்மாவின் கை முழங்காலில்தான் இருந்தது.

அந்தக் கையைத் தட்டிவிட்டு எழும்பித் திரையை விலக்கியவள் நஜ்முன் நிஸா. மண்டபத்தில் மோதினார் மட்டும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் அவரைப் பார்த்து, மனப்பாடம் செய்து வைத்திருந்தபடி, சம்மதமில்லை என்றாள். யாருக்குச் சொல்கிறாய் பிள்ளை, அவர் துறைக்குப் போய்விட்டாரே என்றார் மோதினார்.

அவள் துறைக்கு ஓடினாள். வாகனங்களை ஏற்றிக் கடக்கும் மிதவையைப் பாதை என்போம். கடைசிப் பாதை ஜீப்பையும் ஏற்றிக்கொண்டு நடுத் தண்ணீரில் போய்க்கொண்டிருந்தது. அவள் முழங்காலளவு தண்ணீருக்குள் இறங்கி நின்று கத்தினாள். காற்று எதிர்க்காற்று. பாதையில் நின்ற எங்கள் ஊரவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நஜ்முன் நிஸா கத்துவது புதினமா என்ன, மீன்காரன் எவனோ அகப்பட்டுவிட்டான் என்று சிரித்தார்களாம். அதிகாரிக்கும் அப்படித்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அன்று மாலை முழுவதும் ஆமினா உம்மா தன் கையைப் பார்த்தபடி இருந்தாள். ஒருத்தியும் அவளை ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அடுத்த கிழமை ஒரு பாதை நிறையப் பெண்கள் திருகோணமலைக்குப் போனார்கள். புருஷன்மார் மறித்தார்கள், சிலர் அடித்தும் பார்த்தார்கள், ஆனாலும் போனார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் டவுனுக்குப் போனது ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான். கந்தோர் வாசலில் காவலாளி இரண்டு பேருக்கு மேல் விட ஏலாது என்றதால் நஜ்முன் நிஸாவும் ஆமினா உம்மாவும் உள்ளே போனார்கள். மற்றவர்கள் வேப்ப மரத்தடியில் நின்றார்கள். இரத்தினசிங்கம் எழுந்து நின்று கதிரை காட்டினார். அவர்கள் உட்காரவில்லை.

நடந்ததை நஜ்முன் நிஸா சொன்னாள். மட்டியை, கம்பில் கட்டும் துணியை, பஞ்ச காலத்தை, மகளின் வீட்டை, எல்லாவற்றையும் சொன்னாள். சத்தம் போடவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டார். கடைசியில் அவருக்கு ஒன்றுதான் விளங்கவில்லை.

"நான் கேட்டனான்தானே, அம்மா. நீங்கள் ஒருத்தரும் ஒண்டும் சொல்லயில்லையே."

"ஒருதரம்தானே ஐயா கேட்டீங்க" என்றாள் அவள்.

அவருக்கு அது பிடிபடவில்லை. நிக்காஹ் முறையை அவள் விளக்கினாள். ஆமினா உம்மா தன் கையை நீட்டி, இப்படி வைத்திருந்தேன் என்று காட்டினாள். இரத்தினசிங்கம் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டார்.

"ரெண்டாந்தரம் கேக்க எனக்கும் மனம் வந்தது. திரைக்கு அங்கால இருக்கிற பெம்பிளையளைத் திருப்பித் திருப்பிக் கேட்டு நெருக்கிறது மரியாதையில்லை எண்டு விட்டிட்டன்" என்றார்.

 உங்கள் மரியாதையும் எங்கள் மரியாதையும் சேர்ந்து என் பிள்ளையின் வயிற்றில் அடித்துவிட்டன என்று நஜ்முன் நிஸா சொல்லியிருக்கலாம். அதைவிட மோசமாகவும் சொல்லத் தெரிந்தவள் அவள். ஆனால், அப்படியென்றால் இப்போது கேளுங்கள், இப்போதே சொல்கிறேன் என்று மட்டும் சொன்னாள். அறிக்கை கொழும்புக்குப் போய்விட்டது என்றார் அவர். அதைத் திருப்பி எடுக்க முடியாதா, நாங்கள் ஏன் பேசாமல் இருந்தோம் என்று அதில் ஒரு வரி சேர்க்க முடியாதா என்று அவள் கேட்டாள்.

"மறுப்பு இருக்கு, இல்லை, இந்த ரெண்டுதான் அதில கேக்கிறது. மற்றதுக்கு அதில இடமில்லை, அம்மா."

அவர் கையை விரித்துவிட்டு இருந்துவிடவில்லை. மேலிடத்துக்குத் தன் பெயரில் இன்னொரு கடிதம் எழுதினார். தன் விசாரணையில் தவறு நேர்ந்துவிட்டது என்று எழுதுகிற அதிகாரியை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. பதில் வந்தபோது இயந்திரம் திடலில் நின்று வேலை செய்துகொண்டிருந்தது. ஊரவரைக் கேட்டு முறைப்படி முடித்த காரியத்தை மீண்டும் கிளற முடியாது என்று பதிலில் இருந்ததாம். முறைப்படி என்ற அதே சொல்.

இயந்திரம் இரண்டு கோடை நின்றது. பகல் முழுக்க ஒரே இரைச்சல். குடாத் தண்ணீர் கலங்கிக் குழம்பாகக் கிடந்தது. செத்த ஓடுகளை மட்டும் எடுக்கிறோம் என்றுதான் சொன்னார்கள். குழாய் செத்ததையும் உயிருள்ளதையும் பிரித்துப் பார்க்குமா. கம்பனி போன பிறகு பெண்கள் கடகத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். காலுக்குத் தெரிந்த திடலில் கால் வைத்த இடமெல்லாம் கழுத்தளவு பள்ளம். சேறு முழங்கால்வரை இழுத்தது. ஒருத்தியை மற்றவர்கள் தலைமயிரைப் பிடித்துத்தான் வெளியே எடுத்தார்கள். ஆமினா உம்மா மட்டும் மழை ஓய்ந்ததும் பழைய வழக்கப்படி கம்பும் துணியும் கொண்டுபோனாள். ஊன்ற இடமில்லை. ஊன்றிய கம்பு மெல்லச் சாய்ந்து, துணியோடு மிதந்து போனதைக் கரையில் நின்றவர்கள் பார்த்தார்கள். ஆழமாக்கித் தருவதாகச் சொன்ன வாய்க்காலும் ஆழமாகவில்லை. அதற்காக ஆண்கள் மனு எழுதத் தொடங்கினார்கள். அப்போது வந்து கேட்க ஒருவரும் வரவில்லை.

மட்டிக்காரிகள் சிதறிப் போனார்கள். சிலர் தம்பலகாமத்து வயல்களுக்குக் களை பிடுங்கப் போனார்கள். சிலர் கந்தளாயில் கரும்பு வெட்டினார்கள். நஜ்முன் நிஸாவும் ஸல்ஹாவும் களைக்குப் போனார்கள். களைக்கூலியில் வயிற்றைப் பார்க்கலாம், சுவரைப் பார்க்க முடியாது. ஜன்னல் மட்டத்தில் நின்ற சுவரில் இரண்டு மாரி மழை இறங்கி மேல்வரிக் கற்கள் இளகின. முதலில் பெண் கேட்டு வைத்திருந்த உள்ளூர் வீட்டார், வீடு முடியட்டும், முடியட்டும் என்று சொல்லிப் பார்த்துவிட்டு வேறு இடத்தில் பேசி முடித்தார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அந்த நாட்களில் நஜ்முன் நிஸா யாரோடும் சண்டை பிடிப்பதில்லை. மீன்காரன் தராசில் விரலை வைத்தாலும் பேசாமல் வாங்கிக்கொண்டு போவாள். ஊருக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்க நெஞ்சு பதறும்.

ஸல்ஹாவைக் கடைசியில் கேட்டு வந்தவர் ஜெமீல் என்பவர். கந்தளாய்ச் சீனித் தொழிற்சாலையில் வேலை, முதல் மனைவி மௌத்தாகி இரண்டு சிறு பிள்ளைகள். வீடு வேண்டாம், பெண்ணை அனுப்பினால் போதும் என்றார். மரியாதையான மனிதர்தான். மூன்று குமருகளில் இரண்டைக் கரைசேர்த்திருந்த ஸைனுலாப்தீன் மரைக்கார், இதைவிட வேறு வழி எனக்குத் தெரியவில்லை என்று நஜ்முன் நிஸாவிடம் வந்து நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார். எங்கள் கரையில் பிறந்த பெண் கல்யாணம் முடித்து உம்மாவின் வளவை விட்டுப் போவது அதுதான் முதல் தரம் என்று ஊர் பேசிக்கொண்டது.

நிக்காஹ் பகல் தொழுகைக்குப் பிறகு, நஜ்முன் நிஸாவின் பழைய ஓலை வீட்டில் நடந்தது. முற்றத்துப் பந்தலில் ஆண்கள், உள்ளே திரைக்கு இப்பால் பெண்கள். பந்தலுக்குப் பக்கத்தில் அந்த அரைச்சுவர் நின்றது. கந்தளாயிலிருந்து வந்தவர்கள் சிலர் அதில் வசதியாகக் கை ஊன்றிக்கொண்டு நின்றார்கள். ஸல்ஹாவின் பக்கத்தில் ஆமினா உம்மா. இந்த முறை வேறு யாராவது இருக்கட்டும் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தாளாம். உம்மாவும் மகளும் விடவில்லை. கையை ஸல்ஹாவின் முழங்காலில் வைத்திருந்தாள்.

வாப்பாவின் இடத்தில் நின்று கேட்க வேண்டியவர் மரைக்கார். இரண்டு சாட்சிகளோடு திரைக்கு வந்தார். 

"மகள், கந்தளாய் ஜெமீலுக்கு உன்னை நிக்காஹ் செஞ்சு குடுக்க உனக்குச் சம்மதமா?"

ஸல்ஹா ஆமினா உம்மாவின் கையை மெல்ல எடுத்து அவளுடைய மடியிலேயே வைத்தாள். முதல் கேள்விதான் அது. சாட்சிகள் திரும்பிப் போகக் கால் எடுத்தும்விட்டார்கள்.

"எனக்கு விருப்பமில்ல, பெரியவாப்பா. சம்மதம்" என்றாள் ஸல்ஹா.

உள்ளே இருந்த பெண்கள் வாயில் கையை வைத்தார்கள். சாட்சிகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். மரைக்கார் திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்ன மகள் சொன்னாய் என்று அவர் கேட்க, இரண்டையும் சொல்லிவிட்டேன், இன்னொரு தரம் கேட்க வேண்டாம் என்றாள் அவள். அழவில்லை. வெளியே போட்ட சோறு ஆறிக்கொண்டிருந்தது.

திரையின் இடைவெளியில் மரைக்கார் நஜ்முன் நிஸாவின் முகத்தைப் பார்த்தார். நிறுத்து என்று அவள் ஒரு சொல் சொன்னால் அவர் நிறுத்தியிருப்பார். அது எனக்குத் தெரியும். நிறுத்தினால் அடுத்து என்ன என்பது அவளுக்குத் தெரியும். அவள் எழும்பித் திரைக்குப் பக்கத்தில் வந்தாள்.

"பிள்ள சொன்னத அப்படியே எழுதச் சொல்லுங்க, மச்சான். ரெண்டையும்."

அவர் திரையிலிருந்து கையை எடுத்தார்.

"அதுக்கு அதில இடமில்ல, நிஸா."

வெளியே போய், பந்தலில் பதிவேட்டோடு காத்திருந்த லெப்பையிடம் அவர் சம்மதம் என்றார். லெப்பை எழுதிக்கொண்டார். அப்போதுதான் நஜ்முன் நிஸா மகளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, எத்தனையோ நாளாக வெளியே வராத அந்தத் துறைவரை கேட்கும் சத்தத்தோடு அழுதாள். எங்கள் ஊர்க் கல்யாண வீடுகளில் உம்மாமார் அழுவதில்லை. மகள் எங்கேயும் போவதில்லையே, எதற்கு அழுவார்கள். ஊரவர்களுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கந்தளாயிலிருந்து வந்தவர்கள், இந்த ஊர் வழக்கம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்து, மரியாதைக்காகத் தலையைக் குனிந்துகொண்டு அது முடியும்வரை காத்திருந்தார்கள்.